மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து இரண்டாம் திரையாக்குவது: ஒரு முழுமையான வழிகாட்டி

கூடத்துச் சுவரில் 43 அங்குலத் தொலைக்காட்சி பகலெல்லாம் அணைந்து கிடக்க, அதே வீட்டில் ஒருவர் 14 அங்குல மடிக்கணினியில் எக்செல் தாளையும் பிடிஎஃப் கோப்பையும் மாறி மாறித் திறந்து கண் பூத்துப்போகிறார். இந்தக் காட்சி இன்று பல வீடுகளில் உண்டு. அந்தத் தொலைக்காட்சியைக் கணினியின் இரண்டாம் திரையாக மாற்ற ஒரேயொரு கேபிள் போதும். ஆனால் கேபிளைச் செருகியதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், எழுத்துகளைச் சுற்றி நிறம் கசிந்திருக்கும், சுட்டி இழுத்துக்கொண்டு வரும். இவற்றில் பெரும்பாலானவை கணினியின் குற்றமல்ல. தொலைக்காட்சி தன்னிடம் வந்து சேர்ந்திருப்பது ஏதோவொரு செட்டாப் பாக்ஸ் என்று எண்ணிக்கொண்டு, திரைப்படக் காட்சிகளுக்குச் செய்யும் ஒப்பனையை எழுத்துகளுக்கும் செய்துவிடுகிறது. ஆகவே இங்கே கேபிளைப் பற்றிச் சுருக்கமாகவும், தொலைக்காட்சியின் அமைப்புகளைப் பற்றி விரிவாகவும் சொல்லப்போகிறேன். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். மேக், லினக்ஸ் பயனர்களுக்கான வேறுபாடுகளை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

படி 1: இரு பக்கத்துப் போர்ட்டுகளையும் பார்த்துவிடுங்கள்

கடைக்குப் போகுமுன் மடிக்கணினியின் பக்கவாட்டையும் தொலைக்காட்சியின் பின்புறத்தையும் ஒரு கைவிளக்கோடு பார்த்துவிடுவது நல்லது. தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு எச்டிஎம்ஐ போர்ட்டுகளாவது இருக்கும். 2002ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான இந்த இணைப்புமுறை படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்கிறது. மடிக்கணினியிலும் முழு அளவு எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

மெல்லிய மடிக்கணினிகளில் யூஎஸ்பி-சி போர்ட் மட்டுமே இருக்கக்கூடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டுகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில போர்ட்டுகள் மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே உரியவை. போர்ட்டின் அருகே தண்டர்போல்ட்டின் மின்னல் அம்புச் சின்னமோ, கணினித் திரைகளுக்கான மற்றோர் இணைப்புமுறையான டிஸ்பிளேபோர்ட்டின் சின்னமோ பொறிக்கப்பட்டிருந்தால் ஐயமில்லை. சின்னம் இல்லையென்றால், அந்த மாடலின் விவரப் பட்டியலில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது இருந்தால் யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறிய அடாப்டரே போதுமானது. இல்லையென்றால், தனி டிரைவர் மென்பொருளோடு இயங்கும் 'டிஸ்பிளேலிங்க்' வகை அடாப்டர் வேண்டும். அது எழுத்து வேலைக்கு ஏற்றதுதான், ஆனால் வேகமாக நகரும் காட்சிகளில் திணறக்கூடும்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். தனியாக கிராபிக்ஸ் கார்டு பொருத்தப்பட்டிருந்தால் கேபிளை அந்தக் கார்டிலுள்ள போர்ட்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டிலுள்ள எச்டிஎம்ஐ போர்ட், பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதி இருந்தால்தான் உயிர்பெறும். பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்தோடு முடியும் இன்டெல் பிராசஸர்களில் அப்பகுதி கிடையாது. டிஸ்பிளேபோர்ட் உள்ள கணினியைத் தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐயோடு எளிய அடாப்டரால் இணைத்துவிடலாம். ஆனால் அதே அடாப்டரை எதிர்த்திசையில் பயன்படுத்த முடியாது.

பழைய மடிக்கணினியில் 15 முனை கொண்ட நீலநிற விஜிஏ போர்ட் மட்டும் இருக்கிறதா? அது 1987இல் வந்த அனலாக் முறை. படம் மட்டுமே போகும், ஒலி போகாது. தொலைக்காட்சியின் பின்புறம் 'பிசி இன்' என்று எழுதப்பட்ட விஜிஏ போர்ட் இருந்தால் நேராகவே இணைக்கலாம், ஒலிக்கு மட்டும் தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும். 2006க்குப் பின் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி போன்ற பழைய குழாய்ப் பெட்டிகளை மாற்றிக் கருவி கொண்டு இணைக்க வழியிருந்தாலும், அவற்றில் ஒரு மின்னஞ்சலைக்கூட நிம்மதியாகப் படிக்க முடியாது. அந்த முயற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: கேபிளைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் '2.0 கேபிள்', '2.1 கேபிள்' என்று எண் சொல்லி விற்பார்கள். உண்மையில் அந்தப் பதிப்பு எண்கள் கருவிகளுக்கு உரியவையே அன்றி, கேபிள்களுக்கு உரியவை அல்ல. கேபிள்களுக்கு உரிய முறையான பெயர்கள் வேறு: முழு எச்டி படத்துக்கு 'ஹை ஸ்பீடு' போதும், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 4கே படத்துக்கு, நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வேண்டும், நொடிக்கு 120 முறை என்றால் 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' வேண்டும். தங்கமுலாம் பூசிய முனைக்காக இருமடங்கு விலை கேட்டால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். எண்முறைச் சைகையில் முலாம் பூசுவதால் படம் மெருகேறுவதில்லை.

நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். 2 அல்லது 3 மீட்டர் வரை எந்தத் தரமான கேபிளும் சிக்கல் தராது. 5 மீட்டருக்கு மேல் போனால் 4கே படம் விட்டுவிட்டு மறையத் தொடங்கலாம். 10 மீட்டர் அளவுக்குச் சுவரோரம் இழுக்க வேண்டுமென்றால், உள்ளே ஒளியிழை வைத்த கேபிள்கள் கிடைக்கின்றன. அவற்றுக்குத் திசை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கணினிப் பக்கம் எது, திரைப்பக்கம் எது என்று முனைகளில் எழுதியிருப்பார்கள். மாற்றிச் செருகினால் படம் வராது.

படி 3: இணைத்தல்

எச்டிஎம்ஐ கேபிளைக் கருவிகள் இயங்கும்போதே செருகலாம் என்பதுதான் விதி. எனினும் நம் வீடுகளின் மின்னிணைப்பை மனத்தில் கொண்டு, முதல்முறை மட்டும் இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுமாறு சொல்வேன். எர்த் முனை இல்லாத இருமுனை அடாப்டரில் மின்னேறும் மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய கூச்சம் தெரிவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். அதோடு, தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயரும் தொலைக்காட்சியில் செருகப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு எச்டிஎம்ஐ வழியாகப் பாயக்கூடும். இணைத்த பின் ஒலிபெருக்கியில் 'உம்' என்ற இரைச்சல் கேட்டால் அந்தத் தெரு வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். இடி மின்னலின்போது அந்த வயரும் எச்டிஎம்ஐயும் கழற்றப்பட்டிருப்பது நல்லது.

தொலைக்காட்சியில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட்டுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. 'ஏஆர்சி' என்று எழுதப்பட்ட போர்ட்டைச் சவுண்ட்பார் இருந்தால் அதற்கு விட்டுவிடுங்கள். '4கே' என்றோ 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை), 120 ஹெர்ட்ஸ் என்றோ குறிக்கப்பட்ட போர்ட் வேறொன்று இருந்தால் கணினிக்கு அதையே கொடுங்கள். செருகிய போர்ட்டின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியை இயக்குங்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு: இணைந்த உடனே தொலைக்காட்சி தன் தெளிவுத்திறனையும் புதுப்பிப்பு வீதத்தையும் ஒரு சிறு குறிப்பாகக் கணினிக்கு அனுப்புகிறது. அந்தக் குறிப்பு சரியாகப் போய்ச் சேராவிட்டால் கணினி மிகக் குறைந்த தெளிவுத்திறனில் படத்தைத் தள்ளிவிடும்.

படி 4: விரித்த திரையாக அமைத்தல்

விண்டோஸ் விசையை அழுத்தியபடி 'பி' (P) விசையைத் தட்டினால் நான்கு தெரிவுகள் வரும். மடிக்கணினியில் காண்பதையே தொலைக்காட்சியிலும் காட்டுவது 'டூப்ளிகேட்'. இதில் இரு திரைகளுக்கும் பொதுவான தெளிவுத்திறனே அமைவதால், ஏதேனும் ஒன்றில் படம் மங்கும். நமக்கு வேண்டியது 'எக்ஸ்டெண்ட்'. இதைத் தேர்ந்தெடுத்ததும் தொலைக்காட்சியில் வெறும் பின்னணிப் படம் மட்டும் தெரியும். 'ஒன்றுமே வரவில்லையே' என்று பதற வேண்டாம், அது காலியான இரண்டாவது மேசை, அவ்வளவுதான்.

அடுத்து, மேசைப்பரப்பில் வலது சொடுக்கு செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். 1, 2 என்று எண்ணிட்ட இரு கட்டங்கள் தெரியும். தொலைக்காட்சி உங்கள் மடிக்கணினிக்கு வலப்புறம் இருந்தால் 2ஆம் கட்டத்தை வலப்புறமாகவும், சுவரில் மேலே இருந்தால் மேலாகவும் இழுத்து வையுங்கள். பலரும் தாண்டிப் போய்விடும் இந்த ஒரு செயலைச் செய்யாவிட்டால், சுட்டி எந்த ஓரத்தில் கடக்கும் என்று தெரியாமல் நாளெல்லாம் தேடிக்கொண்டிருக்க நேரும். பணிப்பட்டை தொலைக்காட்சியில் வர வேண்டுமானால் அந்தக் கட்டத்தைத் தேர்ந்து, 'மேக் திஸ் மை மெயின் டிஸ்பிளே' என்ற பெட்டியைக் குறியிடுங்கள். ஒரு சாளரத்தை ஒரு திரையிலிருந்து மறுதிரைக்கு அனுப்ப, விண்டோஸ் விசை, ஷிஃப்ட் விசை ஆகியவற்றோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் போதும். சுட்டியால் இழுக்க வேண்டியதில்லை.

மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே 'டிஸ்பிளேஸ்' பகுதியிலும், உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'டிஸ்பிளேஸ்' பகுதியிலும் இதே வேலையைச் செய்யலாம். உபுண்டுவில் 'ஜாயின்' என்பதே விரித்த திரைக்கான பெயர். அடிப்படை எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக்குகள் இயல்பாக ஒரேயொரு வெளித்திரையை மட்டுமே ஏற்கும் என்பதால், ஏற்கெனவே ஒரு மானிட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

படி 5: 'இது கணினி' என்று தொலைக்காட்சிக்குச் சொல்லுதல்

முழு வழிகாட்டியிலும் மிகுந்த பயன் தரும் பகுதி இதுதான். முதலில் வெட்டுப்படும் ஓரங்களை எடுத்துக்கொள்வோம். குழாய்த் தொலைக்காட்சிகளின் காலத்தில் படத்தின் விளிம்பு ஒழுங்கற்றுத் தெரிந்ததால், படத்தைச் சற்றே பெரிதாக்கி விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும் வழக்கம் இருந்தது. குழாய் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. இன்றைய தட்டைத் திரைகளிலும் பல, வரும் படத்தைச் சில விழுக்காடு பெரிதாக்கிக் காட்டுகின்றன. படத்தில் நடிகரின் தலைக்கு மேலுள்ள வானம் கொஞ்சம் குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. கணினியிலோ பணிப்பட்டையும் சாளரத்தை மூடும் பொத்தானும் காணாமற் போகின்றன. அதைவிடக் கேடு, ஒவ்வொரு பிக்சலும் இழுத்து நீட்டப்படுவதால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறது.

இதற்கான மருந்து தொலைக்காட்சியின் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' பகுதியில் இருக்கிறது. சாம்சங்கில் 16:9 அளவைத் தேர்ந்து 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்பதை இயக்க வேண்டும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்'. சோனியில் 'டிஸ்பிளே ஏரியா' உள்ளே 'ஃபுல் பிக்சல்'. வேறு நிறுவனங்கள் 'டாட் பை டாட்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' என்று வெவ்வேறு பெயர் சூட்டியிருக்கக்கூடும். 'ஓவர்ஸ்கேன்' என்ற தெரிவு தெரிந்தால் அதை அணைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரிலும் படத்தைச் சுருக்கும் வசதி உண்டு. ஆனால் அது படத்தை முதலில் சுருக்கி, தொலைக்காட்சி அதை மறுபடி நீட்டுகிற வேலை. தொலைக்காட்சியில் வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடுங்கள்.

அடுத்தது நிறக் கசிவு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு அல்லது நீல எழுத்தை எழுதிப் பாருங்கள். ஓரங்கள் பிசிறடித்துத் தெரிந்தால், தொலைக்காட்சி நிற விவரத்தைக் குறைத்துக் கையாள்கிறது என்று பொருள். ஒளிப்படக் காட்சிகளில் நான்கு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிற விவரத்தை வைத்துக்கொண்டாலும் கண் அதைக் கண்டுபிடிக்காது. எழுத்தின் மெல்லிய கோடுகளில் உடனே தெரிந்துவிடும். சாம்சங், எல்ஜி ஆகியவற்றின் பல மாடல்களில், உள்ளீட்டுப் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே இது தீர்ந்துவிடுகிறது. வெறும் பெயர்ப்பலகையை மாற்றுவது போலத் தோன்றினாலும், அந்தப் பெயரைக் கண்டதும் தொலைக்காட்சி தன் பட ஒப்பனைகளில் பலவற்றையும் தானே நிறுத்திக்கொள்கிறது. அத்தகைய தெரிவு இல்லாத தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்பதை இயக்குங்கள். பெயர் விளையாட்டுக்கு என்றிருந்தாலும், சுட்டியை அசைத்ததற்கும் அது திரையில் அசைவதற்கும் இடையிலுள்ள தாமதத்தைக் குறைப்பது அதுதான்.

4கே தொலைக்காட்சியில் இன்னொரு பூட்டும் உண்டு. பல மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழு வேகம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது மூடப்பட்டே இருக்கும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' உள்ளே 'என்ஹான்ஸ்டு' என்ற தெரிவைத் திறந்துவிட்டால்தான் முழு நிறத்தோடு 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

கடைசியாக, 'ஷார்ப்னெஸ்' அளவை வெகுவாகக் குறையுங்கள். அது அதிகமாக இருக்கும்போது எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். கருப்பு நிறம் சாம்பல் பூத்துத் தெரிந்தால், கணினி 0 முதல் 255 வரையிலான முழு அளவை அனுப்புகிறதா, தொலைக்காட்சிகளுக்கு வழக்கமான 16 முதல் 235 வரையிலான அளவை அனுப்புகிறதா என்பதை கிராபிக்ஸ் டிரைவரில் பாருங்கள். தொலைக்காட்சியின் 'பிளாக் லெவல்' தெரிவும் அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

படி 6: தெளிவுத்திறனும் எழுத்தின் அளவும்

'டிஸ்பிளே செட்டிங்ஸ்' பகுதியில் தொலைக்காட்சியின் கட்டத்தைத் தேர்ந்து, அதன் உண்மையான தெளிவுத்திறனைக் கொடுங்கள்: முழு எச்டிக்கு 1920×1080, 4கேக்கு 3840×2160. 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸ் ஆக இருக்கட்டும். பழைய மடிக்கணினியின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ் வீதத்திலேயே தரும். அப்போது எழுத்து கூர்மையாக இருந்தாலும் சுட்டி தத்தித் தத்தி நகரும். படிப்பது மட்டுமே வேலையென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இல்லையேல் 1920×1080 அளவுக்கு இறங்கி 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்வதே மேல்.

'எச்டி ரெடி' என்று விற்கப்படும் 32 அங்குலத் தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் திரையில் பெரும்பாலும் 1366×768 பிக்சல்களே இருக்கும். ஆனால் அது 1920×1080 படத்தையும் ஏற்றுக்கொண்டு உள்ளுக்குள் சுருக்கிக் காட்டும். கணினியோ அதை முழு எச்டி என்று நம்பிவிடும். எழுத்து ஏன் இவ்வளவு மங்கல் என்று குழம்புகிறவர்கள், பட்டியலில் 1366×768 இருந்தால் அதையும், இல்லையென்றால் 1280×720ஐயும் முயன்று பார்க்கலாம். அத்தகைய திரையில் அலுவலக வேலையை நாள் முழுவதும் பார்க்க நினைப்பது வீண். பாடக் காணொளிக்கும் காணொளி அழைப்புக்கும் அது போதும்.

43 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 பிக்சல்கள். அதே அளவு முழு எச்டி திரையில் 51 மட்டுமே. வழக்கமான 24 அங்குல மானிட்டரில் இது 92. ஆகவே 4கே தொலைக்காட்சியை மேசையில் ஒரு மீட்டர் தொலைவில் வைத்தால் எழுத்தளவைக் கிட்டத்தட்ட 100 அல்லது 125 விழுக்காட்டில் விட்டுவிடலாம். நாற்காலியில் சாய்ந்து இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதானால் 200 விழுக்காடு, அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். விண்டோஸ் தானாகவே 300 விழுக்காடு வைத்துவிட்டால் வியக்க வேண்டாம். நீங்கள் சோபாவில் இருப்பதாக அது கருதிக்கொண்டது. 'ஸ்கேல்' என்ற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். முழு எச்டி தொலைக்காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியும். அதற்கு எந்த அமைப்பும் மருந்தாகாது, தள்ளி உட்கார்வதுதான் வழி.

படி 7: ஒலி

பணிப்பட்டையின் ஒலிபெருக்கிச் சின்னத்தைச் சொடுக்கி, பட்டியலிலிருந்து தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஒலி அங்கே போகும். காணொளி அழைப்பில் எதிர்முனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்டால், ஒலியை மடிக்கணினிக்கே மாற்றிவிடுங்கள் அல்லது ஹெட்போன் அணியுங்கள். கூடத்தில் பரவும் தொலைக்காட்சி ஒலியை மடிக்கணினியின் மைக் மீண்டும் பிடித்து அனுப்புவதே இதற்குக் காரணம்.

கேபிள் இல்லாமல் இணைக்க

விண்டோஸ் விசையோடு 'கே' விசையை அழுத்தினால் அருகிலுள்ள, மிராகாஸ்ட் எனும் கம்பியில்லாத் திரைப் பகிர்வு முறையை ஏற்கும் திரைகளின் பட்டியல் வரும். இதற்கு இணையமோ ரவுட்டரோ தேவையில்லை. இரு கருவிகளும் வைஃபை வழியே நேராகப் பேசிக்கொள்ளும். பட்டியலில் தொலைக்காட்சி தெரியவில்லையெனில், அதில் மிராகாஸ்ட் இல்லாமல் குரோம்காஸ்ட் மட்டும் இருக்கலாம். அப்போது குரோம் உலாவியின் 'காஸ்ட்' தெரிவை நாட வேண்டும். மேக் கணினிக்கு ஏர்பிளே ஏற்கும் தொலைக்காட்சி வேண்டும். எந்த முறையானாலும் படம் சுருக்கப்பட்டு, காற்றில் போய், மறுபடி விரிக்கப்படுவதால் தாமதம் தவிர்க்க முடியாதது. புகைப்படம் காட்டவோ படம் பார்க்கவோ இது போதும். தட்டச்சு செய்யும் வேலைக்குக் கேபிளே நல்லது.

வழக்கமாக எழும் சிக்கல்கள்

'சிக்னல் இல்லை' என்று வந்தால், முதலில் தொலைக்காட்சியில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான் பிழை. பிறகு கேபிளை மறு போர்ட்டில் மாற்றுங்கள். அதுவும் பயனில்லையென்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். அங்கே ஆங்கில 'பி' என்பது பெங்களூருவின் முதலெழுத்து. முன்னர் சொன்ன 'பி' பழனியின் முதலெழுத்து. திரை ஒருகணம் கறுத்து கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். கட்டணத் திரைப்படச் செயலியில் மட்டும் படம் கறுத்து, மற்றவை சரியாகத் தெரிந்தால் அது நகல் தடுப்பு ஏற்பாட்டின் விளைவு. இடையிலுள்ள மலிவான அடாப்டரையோ பிரிப்பானையோ எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். நிறங்கள் வெளிறித் தெரிந்தால், ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் 'எச்டிஆர்' இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். எழுத்து வேலைக்கு அதை அணைத்துவிடலாம்.

மடிக்கணினியை மூடிவைத்துத் தொலைக்காட்சியை மட்டும் பயன்படுத்த விரும்பினால், 'கன்ட்ரோல் பேனல்' உள்ளே 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில், மூடியைச் சாத்தும்போது 'டூ நத்திங்' என்று அமைக்க வேண்டும். வெளிச் சுட்டியும் விசைப்பலகையும் வேண்டும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் மடிக்கணினியைத் தள்ளி வைக்காதீர்கள்.

ஓஎல்இடி வகைத் தொலைக்காட்சியில் ஒரே படம் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் அதன் சுவடு திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. எனவே அத்தகைய திரையில் பணிப்பட்டை தானாக மறையும்படி அமைத்து, பின்னணியைக் கருப்பாக்கி, ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணையுமாறு வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றும்போது தொலைக்காட்சியில் திறந்திருந்த சாளரங்கள் தாமாகவே மடிக்கணினிக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பாமல் ஏதேனும் ஒன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி பணிப்பட்டையிலுள்ள அதன் சின்னத்தை வலது சொடுக்கு செய்து, 'மூவ்' என்பதைத் தேர்ந்து, அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் அது மெல்ல உள்ளே வந்து சேரும்.